ஒழுகும் மிதவை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



எனக்கு விடப்பட்ட தலைப்பு "விஞ்ஞானமும் வாழ்க்கையும்" என்பதாகும். அத்துணைப் பெரிய சுமையைத் தூக்கும் வலு என் தோளுக்கு இல்லை. ஆகையால் அதிலிருந்து ஒரு சிறு துண்டை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் காபரேற்றருக்குள்ளே பித்தளை மிதவை ஒன்று இருக்கும். அம்மிதவையில் துளை விழுந்தால் அதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு அடைப்பது என்பதே இன்றைய என் பேச்சு.

இது கராஜில் பேசவேண்டிய விடயம், சங்க மண்டபத்திலே இதற்கென்ன வேலை என்று முன்வரிசையில் இருக்கும் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1892ஆம் ஆண்டில் இவ்வூரிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன்னர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். யாழ் நூலிலே நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுக் காட்டியவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இயந்திரத்தைப் பற்றித் தமிழிலே பேசுவதற்கு இவ்வூரில் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. "மிதவை" என்ற சொல்லையும் நான் எங்கும் தேடிப் போகவில்லை. கரைவலை இழுப்பவர்களுக்கு வலையை மேலே தாங்கும் மிதப்பு எது என்று தெரியும். காபரேற்றருக்குள் இருப்பதும் அதற்கு உறவுதான்.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகின்றேன். அது பி.எஸ்.ஏ. எம்.20. இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரில் 1937 முதல் 1955 வரை செய்யப்பட்ட, 496 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்கென ஏறத்தாழ 126,000 வண்டிகள் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்தபின் இவை பல நாடுகளிலும் பொதுமக்கள் கைக்கு வந்தன. எங்கள் வீட்டு வண்டி என் அம்மப்பா வாங்கியது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது வீட்டின் கரைப்பக்கச் சுவர்கள் போயின. தட்டுமுட்டுப் பொருட்கள் எல்லாம் போயின. மணலுக்குள் பாதி புதைந்தபடி இந்த வண்டி மாத்திரம் கிடந்தது. அம்மப்பாவின் கைபட்ட பொருள் என்று சொல்ல எங்களிடம் வேறொன்றும் இல்லை.

இத்தகைய வண்டியை இரண்டு வருடத்துக்கு முன்னர் விற்றுவிடுவது என்று வீட்டிலே முடிவாயிற்று. காரணம் பெற்றோல் மணம். விறாந்தையிலே நின்ற வண்டியின் கீழே காலைதோறும் ஈரம். அம்மா மாலையில் விளக்கேற்றும் இடம் அங்கிருந்து ஆறு முழ தூரம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலே எழுந்து போய்விடாது. தண்ணீரைப்போலத் தரையோடு தரையாகப் பரவிப் பள்ளமான இடத்தைத் தேடிச் செல்லும். விளக்கு இருக்கும் இடம் வரை வந்து பற்றிக்கொண்டால் நெருப்பு வந்த வழியே திரும்பி வண்டிக்கு ஓடும். "வண்டி இருக்கட்டும், இல்லாட்டி விளக்கு இருக்கட்டும், ரெண்டும் ஒரு விறாந்தையில வேணாம்" என்று அம்மா சொன்னதிலே பிழை இல்லை. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து விலையும் பேசிவிட்டார். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறிக் கிடந்த காலம் அது.

ஒழுக்கு எவ்வளவு பெரிய நட்டம் என்பதை 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அவ்வாண்டு சனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. பிறகு கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். பெற்றோலின் துளி தண்ணீர்த் துளியிலும் சிறியது. மில்லிலீற்றர் ஒன்றுக்கு அண்ணளவாக 50 துளி என்று கொள்ளலாம். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் மணித்தியாலத்துக்கு 72 மில்லிலீற்றர். குழாயை மூட மறந்து படுத்தால் பத்து மணித்தியாலத்தில் 720 மில்லிலீற்றர், அதாவது முக்கால் லீற்றருக்குக் கிட்ட. வரிசையிலே நின்று பெற்ற ஒரு வாரப் பங்கு ஆறு இரவுக்குக் காணாது. வண்டி ஓடாமலே!

இனி அந்த மிதவையின் தொழிலைப் பார்ப்போம். எஞ்சினுக்கு வேண்டியது பெற்றோல் அன்று. பெற்றோலும் காற்றும் ஓர் அளவிலே கலந்த கலவை. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒடுங்கிய வழியிலே விரைந்து ஓடும்போது அங்கே அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்தில் நிற்கும் சிறு துவாரக் குழாயின் வாயிலிருந்து பெற்றோல் தூவலாக எழுந்து காற்றோடு சேர்கின்றது. இது ஒழுங்காக நடக்க வேண்டுமாயின் பெற்றோலின் மட்டம் அந்தக் குழாய் வாய்க்குச் சற்றுக் கீழே, எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். மட்டம் இறங்கினால் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஏறினால் வாய்வழியே தானாகவே வழியும். தாங்கி நிறைந்திருந்தாலும் அடித்தட்டினாலும், வண்டி மேட்டில் ஏறினாலும் குழியில் விழுந்தாலும் மட்டம் மாறக்கூடாது. இந்தக் காவற்காரன் வேலையைச் செய்வதுதான் மிதவை.

ஜெர்மனியிலே டைம்லரும் மைபாக்கும் 1885இல் பெற்றோலில் ஓடும் முதலாவது மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். மிதவையும் தூவற் குழாயும் சேர்ந்த காபரேற்றரை மைபாக் 1893இல் அமைத்தார். அதே ஆண்டில் ஹங்கேரியைச் சேர்ந்த பாங்கி, சொங்கா என்னும் இருவரும் தங்கள் காபரேற்றருக்கு உரிமை பதிந்தனர். எவர் முந்தியவர் என்ற வழக்கு அவர்களோடு கிடக்கட்டும். எங்கள் வண்டியில் இருப்பது பேர்மிங்காமில் 1927ஆம் ஆண்டு மூன்று கம்பனிகள் ஒன்று சேர்ந்து உருவாகிய அமால் கம்பனியின் 276ஆம் இலக்கக் காபரேற்றர். அதிலே மிதவைக் கிண்ணம் தனியாகப் பக்கத்திலே தொங்கும். மெல்லிய பித்தளைத் தகட்டாலான, உள்ளே வெறுமையான சிறு டப்பாவே மிதவை. நடுவே ஓர் ஊசி ஊடுருவிச் செல்கின்றது. மேலே ஒரு கிளிப் ஊசியையும் மிதவையையும் பிணைக்கின்றது. பெற்றோல் கிண்ணத்தின் அடியால் வருகின்றது. மட்டம் உயர உயர மிதவை எழுந்து ஊசியையும் தூக்க, ஊசியின் கூம்பிய பாகம் அடிவாயிலைக் கீழிருந்து அடைத்துக்கொள்கின்றது. பெற்றோல் செலவாக, மிதவை தாழ, வாயில் திறக்கும். மின்சாரமும் இல்லை, வில்லும் இல்லை. ஆக்கிமிடீசு சொன்ன மேலுதைப்பு ஒன்றே போதும்.

பித்தளை பெற்றோலைப்போலப் பதினொரு மடங்கு அடர்த்தியானது. அதனை மிதக்க வைப்பது உள்ளேயிருக்கும் வெறுங்காற்று. கணக்குக்காக ஒரு மிதவை 4 சென்ரிமீற்றர் விட்டமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரமும் 15 கிராம் எடையும் உடையது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோலின் அடர்த்தி 0.74. ஆகவே 15 கிராமைத் தாங்க 20 கன சென்ரிமீற்றர் பெற்றோல் விலகவேண்டும். மிதவை 16 மில்லிமீற்றர் அமிழ்ந்து நிற்கும். ஊசித் துளையால் 9 கன சென்ரிமீற்றர் பெற்றோல் உள்ளே புகுந்துவிட்டால் எடை 21½ கிராமுக்கு மேலாகிறது. இப்போது 23 மில்லிமீற்றர் அமிழ்ந்தால்தான் மிதவை நிற்கும். வாயில் மூடுவதற்கு முன் கிண்ணத்து மட்டம் 7 மில்லிமீற்றர் மேலேறிவிட்டது. வழியாமல் என்ன செய்யும்? ஐந்தில் இரண்டு பங்கு நிரம்பினாலோ மிதவை முற்றாகவே தாழ்ந்துவிடும். பிறகு தாங்கியில் உள்ளதெல்லாம் தரைக்குத்தான்.

ஒழுகும் காபரேற்றர் எல்லாவற்றுக்கும் மிதவை குற்றவாளி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வாயிலில் ஒரு தூசி சிக்கியிருக்கலாம். ஊசியின் கூம்பிலே தேய்ந்து ஒரு வளையம் விழுந்திருக்கலாம். ஊசி வளைந்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். எங்கள் வண்டிக்கு முதலில் இருமுறை ஊசி மாற்றப்பட்டது. ஒரு கராஜிலே, "ஒவ்வொரு தரமும் குழாயை மூடுங்கள், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். அது வைத்தியம் அன்று, நோயாளியைக் கட்டிப்போடுவது. கடைசியில் சாய்ந்தமருதில் ஒரு வயோதிப மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிண்ணத்தைத் திறந்தார். மிதவையை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, என் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, கேக்குதா?"

"கேக்குது காக்கா. உள்ளுக்க தண்ணி மாதிரி."

"அதுதான் உங்கட பெற்றோல். ஊசிய எத்தினை தரம் மாத்தினாலும் இது சும்மா இருக்காது."

பரீட்சை அவ்வளவுதான். முதலில் காது. அதற்குப் பிறகு கண். துளை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமே! ஒரு வாளியிலே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்து, மிதவையை அதற்குள் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். பெற்றோலின் இலேசான பகுதி 40 பாகை செல்சியசுக்குக் கிட்டவே ஆவியாகத் தொடங்கும். ஆகையால் வெந்நீர் தொட்டவுடன் உள்ளே அமுக்கம் கூடி, துளை வழியாக நூல் கோத்ததுபோலக் குமிழிகள் வரிசையாய் எழும். அவ்விடத்தை ஊசியால் கீறி அடையாளம் செய்க. எங்கள் மிதவையில் அடிவிளிம்புப் பொருத்திலே இருந்தது. பெற்றோலோடு கலந்து வரும் நீர் கிண்ணத்தின் அடியில்தான் தங்கும். பழைய பொருத்துக்கள் அங்கே முதலில் அரிக்கப்படுவதில் ஆச்சரியமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெந்நீரை அடுப்பிலே காய்ச்சி, வாளியை அடுப்பிலிருந்து தூரக் கொண்டுபோய், வெளி முற்றத்திலே, காற்று வீசும் இடத்தில் வைத்துத்தான் இவ்வேலையைச் செய்யவேண்டும். மிதவையை அடுப்பின் மேலே கொண்டுபோவது தற்கொலை.

அடுத்தது உள்ளேயிருக்கும் பெற்றோலை முற்றாக வெளியேற்றுவது. வேலை முழுவதிலும் பொறுமை வேண்டியது இங்கேதான். பலர் அவசரப்படுவதும் இங்கேதான். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மீண்டும் மீண்டும் வெந்நீரில் அமிழ்த்தினால் ஆவியின் அமுக்கமே திரவத்தைத் தள்ளிவிடும். குலுக்கினால் ஓசை வராது. ஆனால் ஓசை வராததை நம்பி நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. காற்றிலே பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். மிதவைக்குள் இருக்கும் இடம் 30 கன சென்ரிமீற்றர். அதற்குள் அரைத் துளி பெற்றோல் ஆவியானாலும் 6 சதவீதம் ஆகிவிடுகின்றது. அரைத் துளி! அதனைக் காது கேளாது. சாதாரணத் தராசும் காட்டாது. ஆகவே மிதவையின் மேற்றட்டில் 1 மில்லிமீற்றர் அளவான இன்னொரு துளையை நாமே இட்டு, ஒரு துளையால் சைக்கிள் பம்மினால் காற்றடித்து மற்றத் துளையால் வெளியேற்ற வேண்டும். பிறகு வெயிலில் வைக்க வேண்டும். மறுநாளும் காற்றடித்து, மீண்டும் வெயில். மணம் முற்றாகப் போகும் வரைக்கும் இப்படியே. எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாள் போதும். மாரிகாலமானால் காத்திருக்க வேண்டியதுதான்.

நல்ல மிதவையிலே வேண்டுமென்றே துளை இடுவதா என்று ஒரு சகோதரர் முன்பு என்னிடம் கேட்டார். அந்தத் துளைக்கு இரண்டாவது வேலையும் உண்டு. மூடிய டப்பாவைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரியும். விரியும் காற்று, நாம் ஒட்டும் உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். எத்தனை தரம் ஒட்டினாலும் நடுவிலே ஒரு கண் திறந்தே இருக்கும். மூச்சுவிட வேறு வழி இருந்தால் ஈயம் அமைதியாக உறையும்.

ஒட்டும் வேலைக்கு மெக்கானிக் காக்கா என்னை ஒரு பத்தரிடம் அனுப்பினார். கண்ணகை அம்மன் கோயில் கொண்டிருக்கும் இவ்வூரிலே நின்று பொற்கொல்லரைப் புகழ்வதற்குச் சிறிது துணிச்சல் வேண்டும். ஆயினும் மதுரையில் ஒருவன் செய்த வஞ்சனையைத் தொழிலின்மேல் ஏற்றுவது நியாயமன்று. மெல்லிய தகட்டை உருகவிடாமல் பொருத்துவதில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் கண்டதில்லை. பற்றாசு என்ற சொல் அவர்கள் பட்டறையிலே இன்றும் உயிரோடு இருக்கின்றது.

அவர் செய்த முறையைச் சொல்கின்றேன். துளையைச் சுற்றிப் பித்தளை பொன்னிறமாய் மினுங்கும்வரை சுரண்டினார். அழுக்கிலும் களிம்பிலும் ஈயம் ஒட்டாது. அதன்மேல் நாகத்தை ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்த திரவத்தைக் கோழிச் சிறகால் தொட்டு வைத்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் நவச்சாரம் பாவிப்பதும் இதே நோக்கத்துக்கே. மிதவையின் மற்றப் பாகத்தை ஈரத் துணியால் சுற்றினார். மற்றப் பொருத்துக்களும் இதே ஈயத்தால் ஆனவை, சூடு பரவினால் அவையும் கழன்றுவிடும். தகரமும் ஈயமும் 60க்கு 40 என்று கலந்த ஒட்டுக் கம்பி 190 பாகைக்குள்ளேயே உருகிவிடும். சூடேறிய செப்புமுனைக் கோலால் இரண்டு நொடி தொட்டார், எடுத்தார். தீச்சுவாலை கிட்டவே வரவில்லை. ஊதுகுழல் வைத்து இந்த வேலையைச் செய்பவரிடம் உங்கள் மிதவையைக் கொடாதீர்கள்.

முதல் ஒட்டு ஆறிய பின்னர், மிதவை முழுவதும் அறைச்சூட்டுக்கு வந்த பின்னர்தான், நாம் இட்ட மேற்றுளையை அடைக்கவேண்டும். மிதவை சூடாக இருக்கும்போது அடைத்தால் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும். உறையும் ஈயத்தை உள்ளே இழுத்து மயிர்த்துளை உண்டாக்கும். இந்த ஒட்டு ஒரு தொடுகைதான். இரண்டாவது தொடுகைக்கு இடமில்லை.

ஈயத்தை அள்ளிப் பூசக்கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மிதவையிலே 1 கிராம் எடை கூடினால் 1.35 கன சென்ரிமீற்றர் பெற்றோல் கூடுதலாக விலகவேண்டும். 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மிதவைக்கு அது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். அதாவது, கூடிய ஈயம் ஒவ்வொரு கிராமும் கிண்ணத்து மட்டத்தை 1 மில்லிமீற்றர் உயர்த்தும். ஒழுக்கு நின்றிருக்கும்; ஆனால் எஞ்சின் பெற்றோலை அதிகமாகக் குடித்துக் கரும்புகை கக்கும். பத்தர் தம் தராசிலேயே முன்னும் பின்னும் நிறுத்துக் காட்டினார். மிஞ்சியதை அரத்தால் இழைத்து எடுத்தார். கால் கிராமுக்குள் நின்றது. பின்னர் அமிலத்தைச் சோடா கரைத்த நீரால் கழுவினார். கழுவாமல் விட்டால் ஒட்டிய இடமே முதலில் அரிக்கும். ஈயம் நஞ்சு என்பதால் கையையும் கழுவ வேண்டும். அதற்குள் தேநீர்க் கோப்பையைத் தொடவேண்டாம்.

இக்காலத்து எபொக்சிப் பசையால் ஒட்டினால் என்ன என்று கேட்பார்கள். பெற்றோலைத் தாங்கும் பசைகளும் உண்டு. ஆனால் கடையில் கேட்டவுடன் கிடைப்பவற்றுட் பல சில மாதத்தில் இளகிவிடும். ஒருமுறை பசை பூசிய இடத்தில் பிறகு ஈயமும் ஒட்டாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதிய மிதவை வாங்கலாமே என்றால், வாங்கலாம். பிளாஸ்ரிக்கில் வருபவையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவித்து, டொலர்க் கணக்கில் காசு செலுத்தி, மாதக்கணக்கிலே காத்திருக்க வசதி உள்ளவர்கள் அப்படியே செய்யட்டும். அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தர் என்னிடம் வாங்கியது ஒரு லீற்றர் பெற்றோலின் விலைக்கும் குறைவு.

கடைசிப் பரீட்சை, தொடங்கிய இடத்திலேதான். மீண்டும் வெந்நீர் வாளி. ஒரு நிமிடம் முழுவதும் அமிழ்த்திப் பிடித்து ஒரு குமிழியேனும் எழவில்லையானால் வேலை சரி. கிண்ணத்தின் அடியைத் துடைத்து, ஊசியைக் கீழிருந்து செலுத்தி, கிளிப்பை ஊசியின் வெட்டிலே சரியாக விழுத்தி, மூடியைப் பூட்ட வேண்டும். வெட்டிலே விழாத கிளிப் அத்தனை உழைப்பையும் வீணாக்கும். பின்பு வண்டியை வெளியில், சமதரையில் நிறுத்தி, காபரேற்றரின் கீழே ஒரு பத்திரிகைத் தாளை விரித்துக் குழாயைத் திறந்து விடுக. அரை மணித்தியாலம் எஞ்சினைத் தொட வேண்டாம். பக்கத்தில் எவரும் புகைக்க வேண்டாம். தாள் காய்ந்திருக்கவேண்டும். எங்கள் வண்டிக்கு நான் தாளை மூன்று தரம் மாற்றினேன். மூன்றும் காய்ந்தே இருந்தன. கொழும்புக்காரருக்கு அம்மாவே தொலைபேசியில் மறுமொழி சொன்னார். விறாந்தையில் விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கின்றது; வண்டியின் இடத்தை மாத்திரம் கிணற்றடிப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அந்த விடயத்தில் நான் வாதாடவில்லை.

துளை விழுந்த பழைய மிதவை ஒன்றையும் ஒட்டிய மிதவை ஒன்றையும் மேசையில் வைத்திருக்கின்றேன். இரண்டிலும் பெற்றோல் இல்லை. வாளியும் வெந்நீரும் வெளியே முற்றத்தில் இருக்கின்றன. குமிழியைக் கண்ணால் பார்க்க விரும்பும் சகோதரர்கள் கூட்டம் முடிந்ததும் அங்கே வரலாம். பெரியோர்களுக்குக் கதிரையும் போட்டிருக்கின்றோம்.